ஏழாம் மாதத்தில் ஊர் மாறும்போது

வளைகாப்பு முடிந்த கையோடு தாய் வீட்டுக்கு வரும் பெண்கள் காரைக்குடியில் என்னிடம் பரிசோதனைக்கு வரும்போது முதலில் கேட்பேன்: "பழைய சீட்டெல்லாம் எங்கே ஆத்தா?" பலரும் உடன் வந்த அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மாமியார் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம்.

தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் கால் வீக்கத்தோடு வந்தார். இரத்த அழுத்தம் 150/100. கர்ப்பத்துக்கு முன்பே இருந்த அழுத்தமா, 20 வாரத்துக்குப் பிறகு ஏறியதா என்பதைப் பொறுத்து நோயே வேறு. பின்னதோடு சிறுநீரில் புரதமும் சேர்ந்தால் வலிப்பு வரை போகலாம். "அங்கே நார்மல் என்றுதான் சொன்னார்கள்" என்றார் அம்மா. எனக்கு வேண்டியது எண். கோவையிலிருந்து கணவர் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். 12ஆம் வாரத்தில் 110/70, இயல்பான அளவு! அப்படியென்றால் அழுத்தம் பிறகுதான் ஏறியிருக்கிறது. அன்றே பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம்.

பிரசவத் தேதியும் அப்படித்தான். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் அதை நம்பகமாகச் சொல்லும். எட்டாம் மாதத்தில் புதிதாக எடுத்தால் மூன்று வாரம்கூட முன்பின் ஆகும். குழந்தையைக் குறைமாதத்தில் எடுப்பதா, காத்திருப்பதா என்று முடிவெடுக்கும் நாளில் அந்த மூன்று வாரம் உயிர்க்கணக்கு. 24 முதல் 28 வாரத்துக்குள் பார்க்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையும் இந்தப் பயணத்தில் விடுபட்டுப்போகிறது. ஊரில் பார்ப்பார்கள் என்று அங்கேயும், அங்கேயே பார்த்திருப்பார்கள் என்று இங்கேயும் இருந்துவிடுகிறார்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வருவதை நான் குறை சொல்லவே மாட்டேன். அம்மா பக்கத்தில் இருப்பது பெரிய தெம்பு. ஆனால் வந்த வாரமே அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்ணையும் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண்தான் கேட்கப்படும்.

"பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும்" என்று அப்பத்தா சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும், விடாத தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வண்டி இல்லாவிட்டால் 108 இருக்கிறது. இராகு காலம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். சீட்டுகளை இன்றைக்கே படம் எடுத்து உங்கள் கைபேசியிலும் அம்மா கைபேசியிலும் வைத்துவிடுங்கள்.