மன்றாட்டும் பரிந்துரையும்

மலேசியாவின் கெடா மாநிலத் தெற்கே, பாடாங் செராய்க்கும் கூலிமுக்கும் இடைப்பட்ட எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில், ஞாயிறு வழிபாட்டின் முடிவில் அறிவிப்பு வாசிக்கும் தம்பி, “நோயுற்றோருக்கான பரிந்துரை ஜெபம் புதன் இரவு எட்டு மணிக்கு நடைபெறும்” என்று சென்ற மாதத்தில் மட்டும் மூன்று முறை வாசித்துவிட்டார். முதல் முறை, ‘பரிந்துரை’ என்றது வாய் தவறியிருக்கும் என்று எண்ணினேன். இரண்டாம் முறை, வாட்ஸ்அப் குழுவுக்கே அந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். மூன்றாம் முறைக்குப் பிறகும் வாளாவிருந்தால் அது என் குற்றம் ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் ‘இண்டர்செஷன்’ எனப்படுவது பிறருக்காக இறைவனிடம் வேண்டுவதைக் குறிக்கும். அது லத்தீனிலிருந்து வந்தது. இடையே செல்லுதல் என்பது வேர்ப்பொருள். பழைய ரோமில், அதிகாரி ஒருவரின் ஆணையை மக்கள் பேராளர் குறுக்கே நின்று தடுக்கும் உரிமைக்கும் இதே பெயர்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், 1 தீமோத்தேயு 2:1-இல் வருவது ‘எந்தியூக்சிஸ்’. ஒருவரைச் சந்தித்து முறையிடுதல் என்று பொருள்படும். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், குடிகள் அரசனுக்கு எழுதிய முறையீட்டுக்கும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. நம் நாட்டில் மலாய் பேசும் கிறிஸ்தவர்கள் இதற்கு வழங்கும் ‘டோஆ ஷஃபாஅத்’ அரபு வழி வந்தது. வேராராய்ச்சி இவ்வளவு போதும். என் வழக்கு லத்தீனோடும் அன்று, அரபோடும் அன்று.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லுக்கு முன் திகைத்து நிற்கவில்லை. சீர்திருத்த சபையார் இன்றும் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, மேற்சொன்ன இடத்தில் ‘வேண்டுதல்கள்’ என்கிறது. ரோமர் 8:34-இல் கிறிஸ்து ‘நமக்காக வேண்டுதல்செய்கிறவர்’. 1 யோவான் 2:1-இல் அவர் ‘பரிந்து பேசுகிறவர்’. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, ரோமர் 8:34-ஐ ‘நமக்காகப் பரிந்து பேசுகிறார்’ என்று தருகிறது. பரிந்து பேசுதல் என்னும் தொடரோடு எனக்குச் சிறிதும் பகையில்லை. பரிதல் என்றால் இரங்குதல், அன்பால் நெஞ்சு நெகிழ்தல். ‘தாயினும் சாலப் பரிந்து’ என்று திருவாசகம் இறைவனைப் பாடும்போது அச்சொல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சைவர் மட்டுமல்லர், தமிழறிந்த எவரும் உணர்வர்.

அப்படியிருக்க, பரிந்து, உரை என்னும் அவ்விரண்டையும் ஒட்டிப் பரிந்துரை ஆக்கினால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். இலக்கணத்தில் ஒன்றும் கெடவில்லை. எடுத்துரை, எடுத்துரைத்தல் போல அதுவும் முறையான ஆக்கமே. கெட்டது பொருள். இந்தச் சொல் நம் காலத்தில் வாழ்ந்தது கோயிலில் அன்று, அலுவலகத்தில். ‘சிபாரிசு’ என்னும் பாரசீகச் சொல்லை விலக்க விரும்பியவர்கள் அதன் நாற்காலியில் பரிந்துரையை அமர்த்தினார்கள். அதுவும் அந்த நாற்காலியின் குணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. இன்று குழு பரிந்துரைக்கிறது, மருத்துவர் மாத்திரை பரிந்துரைக்கிறார், தொலைபேசிச் செயலி பாட்டைப் பரிந்துரைக்கிறது. இவற்றில் எதிலும் நெஞ்சு நெகிழ்வதாக நான் அறியேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. மகனுக்கு ஆலையில் வேலை வேண்டுமென்றால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சிபாரிசு கேட்டுப் போனோம்; பிறகு தோட்டம் துண்டாடப்பட்டு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது, மலிவு வீட்டுக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் ‘சூராட் சொக்கோங்கான்’ என்னும் ஆதரவுக் கடிதம் கேட்டு அரசியல்வாதிகளின் சேவை மையங்களில் வரிசையில் நின்றோம். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதச் சொன்னால் ‘பரிந்துரைக் கடிதம்’ என்றுதான் எவரும் எழுதுவர். அதைத் தருபவர் நம்மைவிட மேலே இருப்பவர். நாம் தகுதியுள்ளவர் என்று கையெழுத்திட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர். வேலை கிடைத்ததா இல்லையா என்பதால் அன்றிரவு அவர் தூக்கம் கெடுவதில்லை. புதன் இரவு, பக்கவாதத்தில் படுத்திருக்கும் அண்டை வீட்டுப் பெரியம்மாவுக்காக முழந்தாளிட்டு அழுகிற பெண்கள் செய்வது இதுதானா?

பரிந்துரை என்றால் தகுதிக்குச் சான்று கூறுதல். ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சோதோமுக்காக நிற்கிறார். அந்த ஊருக்கு எந்த மானமுள்ளவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார்? அவர் ஐம்பது நீதிமான்களில் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று படிப்படியாக இறங்கி, பத்தில் வந்து நிற்கிறார். தம்மைத் ‘தூளும் சாம்பலும்’ என்று சொல்லிக்கொண்டே பேச்சை விடாமல் பிடித்துக்கொள்கிறார். சந்தையில் விலை பேசுவதைப் போல இருக்கிறது என்று சிலர் சிரிப்பர்; ஆனால் சந்தையில் தனக்காகப் பேசுகிறவன் உண்டு, இங்கே பேச்சு முழுவதும் பிறருக்காக. ஏசாயா 53:12-இல் அடியவர் வேண்டிக்கொள்வதோ அக்கிரமக்காரருக்காக. தகுதியில்லாதவனுக்காக நிற்பதே இந்தச் செயலின் உயிர் என்னும்போது, தகுதிச் சான்றின் பெயரை அதற்கு இடுவது எவ்வாறு பொருந்தும்?

எங்கள் உபதேசியார் ஒரு தடை எழுப்பினார். “புனிதர்களின் பரிந்துரை என்று நூல்களில் இருக்கிறதே, ஐயா. ஜூலை 26-ஆம் நாள் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் பேருந்து பேருந்தாகப் போகிறோம். அங்கே வேண்டுவது அவர் பரிந்துரையைத்தானே?” நூல்களில் இருப்பது உண்மை; அதுவே என் வருத்தம். ஆனால் புனிதர் மன்றாட்டு மாலையில் மக்கள் வாய்விட்டுச் சொல்லும் பதில் என்ன? ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதே. மங்கள வார்த்தை ஜெபத்தின் கடைசி வரியிலும் அதே சொல்தான். எந்தப் பாட்டியும் ‘எங்களைப் பரிந்துரையும்’ என்று ஜெபமாலை உருட்டியதில்லை. அந்த வரியில் வேலை செய்வது ‘க்காக’ என்னும் உருபு. லத்தீன்காரர் ‘இடையே’ என்னும் முன்னொட்டை வைத்துச் சொன்னதைத் தமிழ் நான்காம் வேற்றுமையில் சொல்லிவிடுகிறது. இடைநிலை ஜெபம், இடையீட்டு வேண்டல் என்றெல்லாம் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் இந்த உருபைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

பெயர்ச்சொல்லாக ஒன்று வேண்டும் என்றால் மன்றாட்டு இருக்கிறது. மன்று என்பது ஊர் கூடும் பொதுவிடம், வழக்குக் கேட்கும் அவை. அங்கே நின்று வழக்காடுவது மன்றாடுதல்; அதிலிருந்தே கெஞ்சிக் கேட்டல் என்னும் பொருள் வந்தது. (சோழர் கல்வெட்டுகளில் மன்றாடி என்பது கோயில் விளக்குக்கு நெய் தரும் ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையரைக் குறிக்கும்; ஆயனை வணங்கும் சமயத்தார்க்கு இது இனிய தற்செயல், ஆனால் இதை வைத்து நான் வாதம் கட்டவில்லை.) மன்றாட்டுக்குக் காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. காய்ச்சலில் கிடந்து வேலைக்கு வராத ஒருத்தியின் பெயரை வெட்டிவிடாதபடி, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னிலையிலும் துரையிடம் கேட்டு நிற்கும் இன்னொரு பால்மரத் தொழிலாளி செய்ததற்கு அதுவே பெயர். கேட்டவளின் பெயரும் சேர்ந்து வெட்டுப்படலாம்; அந்த இடர் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தனக்காகவும் மன்றாடலாமே, குழப்பம் வராதா என்றால், ‘பிறருக்கான மன்றாட்டு’ என்று சொல்லுங்கள். ஒரு சொல் கூடுவதால் எவரும் இளைத்துவிட மாட்டார்கள்.

தோட்டத்துக்கு வெளியே, பெந்தெகொஸ்தே நண்பர்களிடம் வேறொரு வழக்கு உண்டு: ‘திறப்பின் வாசலில் நிற்றல்’. எசேக்கியேல் 22:30-இல் ‘திறப்பிலே நிற்கவும் சுவரை அடைக்கவும்’ என்று இருப்பதிலிருந்து பிறந்தது. அங்கே திறப்பு என்பது இடிந்த மதிலின் உடைப்பு. அதற்கு யாரோ ஒரு வாசலை வைத்துவிட்டதால், உயிரைக் கொடுத்து உடைப்பை அடைப்பவன் வாயிற்காவலன் ஆகிவிட்டான். ஆயினும் அந்த வழக்கில் ஒரு சூடு இருக்கிறது; பரிந்துரையில் அதுவும் இல்லை.

அறிவிப்பு எழுதும் தம்பியிடம் இவற்றையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். ஆங்கிலத் தாளைத் தொலைபேசியில் இட்டால் அது தரும் தமிழைத்தான் எழுதுவதாகவும், இனித் திருத்திக்கொள்வதாகவும் பணிவோடு சொன்னார். அடுத்த ஞாயிறு தாளைப் பார்த்தேன். ‘பரிந்துரை மன்றாட்டு ஜெபம், புதன் இரவு 8 மணி’ என்றிருந்தது.