சொல் விளக்கம்: பப்ளிசிட்டி ரைட்

'விளம்பர உரிமை' என்று எழுதிவிடத்தான் முதலில் கை போகும். ஆனால் படிப்பவர் அதைச் சுவரில் போஸ்டர் ஒட்டும் உரிமை என்று நினைத்துக்கொள்வார். ஒருவரின் பெயர், முகம், குரல், கையெழுத்து ஆகியவற்றை வைத்துப் பிறர் காசு பார்ப்பதை அனுமதிக்கவோ தடுக்கவோ அவருக்கு உள்ள உரிமையே பப்ளிசிட்டி ரைட்.

பப்ளிசிட்டியின் வேர் 'பூப்ளிக்குஸ்' என்ற லத்தீன் சொல். 'மக்களுக்குப் பொதுவானது' என்று பொருள். சட்டத்துக்குள் இது உரிமையாக நுழைந்தது 1953-ல், அமெரிக்காவில், ஒரு சூயிங்கம் சண்டையால். பேஸ்பால் வீரர்களின் படத்தைச் சூயிங்கத்தோடு தரும் அட்டையில் போட ஒரு கம்பெனி தனி அனுமதி வாங்கியிருந்தது. போட்டிக் கம்பெனியும் அதே வீரர்களின் படங்களைப் போட்டது. அதுவரை இதற்கெல்லாம் கைகொடுத்தது அந்தரங்க உரிமைதான். அது மனம் நோகாமல் காப்பது. அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. நீதிபதி ஜெரோம் பிராங்க், படத்துக்கு விலை இருக்கிறது, அந்த விலைக்கான உரிமை தனி என்று பிரித்து, இந்தப் பெயரையும் வைத்தார்.

சரி, விற்கலாம் என்றால் வாரிசுக்கு விட்டுச்செல்லலாமா? அங்குதான் சிக்கல். டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியின் வாரிசுகள் 1979-ல் கலிபோர்னியாவில் தோற்றுப்போனார்கள். பின்னர் அந்த மாநிலமே சட்டம் இயற்றியது; இப்போது இறந்தபின் 70 ஆண்டு அங்கே உரிமை நீடிக்கிறது. நியூயார்க்கில் 40 ஆண்டு, அதுவும் 2021-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இறந்தவர்களுக்கே. ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ 1962-ல் இறந்தது கலிபோர்னியாவில். ஆனால் அங்கே வரி கட்டாமலிருக்க, 'அவர் நியூயார்க்வாசி' என்று அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சே 2012-ல் காலை வாரியது: நியூயார்க்வாசி என்றால் உரிமை அவரோடு போய்விட்டது என்றது நீதிமன்றம். நம் ஊரிலும் ஜெயலலிதா வாழ்க்கைப் பட வழக்கில், ஒருவர் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவர் இறப்போடு முடிந்துவிடும் என்று 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது.

தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகளில் புழங்கும் 'ஆளுமை உரிமை' நல்ல சொல்தான், ஆனால் அகலமானது. மானமும் அந்தரங்கமும்கூட அதற்குள் வந்துவிடும். உயில் பேச்சில் எனக்குப் பிடித்தது 'அடையாளப் பயனுரிமை'. சொத்து என்ற வாசனை அதில் இருக்கிறது. ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் தம் அடையாளப் பயனுரிமையை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்து, இறந்தபின் 25 ஆண்டு தம் உருவத்தை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடும் போட்டார் என்று எழுதினால் உறுத்தவில்லை.

கூடவே வரும் சொல் 'எஸ்டேட் பிளானிங்'; தமக்குப் பின் சொத்து யாருக்கு, எப்படிப் போக வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்வது. அதை அப்படியே விட்டால் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். 'உயில் ஏற்பாடு' போதும். டிரஸ்ட்டும் வரியும் சேர்ந்தால் 'சொத்துப் பின்னேற்பாடு' எனலாம்.