கொந்தர்

போன வாரம் தமிழாக்கம் செய்த ஒரு காணொளியில் கேட்டது: "வட கொரியாவின் இணையத்தையே திருடிய இணையத் திருடன்." இணையத்தைத் திருடி எங்கே வைப்பார், பரண் மேலா? ஹேக்கர் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'இணையத் திருடர்' என்று போட்டுவிடுகிறார்கள்.

சொல்லின் கதை சின்னது. ஆங்கிலத்தில் ஹேக் என்றால் வெட்டு, கொத்து. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்லூரியில் பொம்மை ரயில் மன்றம் நடத்திய மாணவர்கள், ஒரு பொறியை நோண்டிக் கெட்டிக்காரத்தனமாக வேலை வாங்குவதை அப்படிச் சொன்னார்கள். திருட்டு வாடை பின்னால் செய்தித்தாள்கள் ஏற்றியது.

சரி, வட கொரியாவில் திருட வந்தது யார்? 2021 ஜனவரியில் அந்நாட்டு உளவாளிகள், கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் மென்பொருள் கருவிகளைச் சுருட்ட வலை விரித்தார்கள். குறிவைக்கப்பட்டவர்களில் ஒருவர் பி4எக்ஸ் என்ற புனைபெயர்க்காரர். அமெரிக்க அரசு ஏதாவது செய்யும் என்று ஓராண்டு பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 2022 ஜனவரியில் தானே இறங்கினார். வீட்டுக் கூடத்தில் பைஜாமாவோடு உட்கார்ந்து, படம் பார்த்துக்கொண்டு, காரமான சோளத் தீனியைக் கொறித்தபடி ஒரு நாட்டின் இணையதளங்களைத் திரும்பத் திரும்பச் சாய்த்தார். 2024இல்தான் தன் பெயர் அலெஹாந்த்ரோ காசெரெஸ் என்று வெளியே சொன்னார். ஒற்றை ஆளால் எப்படி முடிந்தது? அந்த நாட்டுக்கென உள்ள ஐபி முகவரிகளே, அதாவது இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்களே, 1,024தான். தளங்களைத் தாங்கும் சர்வர்களிலும் அவற்றை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர்களிலும் ஊரறிந்த ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடந்தன. சாதாரண மக்களுக்கு வெளி இணையம் கிடையாது, குவாங்மியோங் என்ற உள்வலைதான்.

ஆக, திருட வந்தவர்கள் அந்தப் பக்கம். நம் மொழிபெயர்ப்பாளர் திருடர் பட்டத்தை இந்தப் பக்கம் கட்டிவிட்டார்.

'ஊடுருவி' என்பார்கள் சிலர். கொஞ்சம் தேவலை, ஆனால் இங்கே பொருந்தாது. தளங்களைச் சாய்க்க அவர் உள்ளே நுழையவே வேண்டியிருக்கவில்லை. வெளியில் நின்றபடியே பலவீனமான இடத்தைப் பார்த்துக் குத்தினார். எல்லை தாண்டி வருகிறவருக்கும் ஊடுருவிதான், கணினியை நோண்டுகிறவருக்கும் ஊடுருவிதான் என்றால் செய்தியைப் படிக்கிறவர் என்ன செய்வார்?

கணினித் தமிழில் ஏற்கெனவே 'கொந்தர்' இருக்கிறது. கொந்துதல் என்றால் கொத்துதல், குத்திக் கிளறுதல். அணில் கொந்திய கொய்யாவைப் பார்த்திருப்பீர்கள்: பழம் கிளையிலேயேதான் தொங்கும், ஒரு பக்கம் மட்டும் பல் பதிந்து குழிந்திருக்கும். அணில் பழுத்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கும். ஹேக்கர் வேலையும் அதுதான். வெட்டு, கொத்து என்ற மூலப்பொருளும் கெடவில்லை. 'கேட்கச் சிரிப்பாக இருக்கிறது' என்கிறார்கள். மடிக்கணினிக்கும் முதலில் சிரித்தவர்கள்தானே! நாக்கு ஒத்துழைக்காவிட்டால் ஹேக்கர் என்றே எழுதிவிட்டுப் போங்கள், திருடர் மட்டும் வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. அதே காணொளியில் இந்தத் தாக்குதலை, ஆங்கிலத்தின் 'டினையல் ஆஃப் சர்வீஸ்' என்பதை அப்படியே பெயர்த்து, 'சேவை மறுப்பு' என்றார்கள். ரேஷன் கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு அரிசி கிடையாது என்று திருப்பி அனுப்பினால் அது சேவை மறுப்பு. இங்கே கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது வேறொருவர். 'சேவை முடக்கம்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?