நாய்ஸ் கேன்சலிங்: இரைச்சல் வேறு, கூச்சல் வேறு

விமானப் பயணத்துக்கென்று வாங்கும் ஹெட்போன் பெட்டியின் மேல் ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று போட்டிருக்கும். சுற்றியிருக்கும் சத்தத்தைச் சின்ன மைக் ஒன்று கேட்டுக்கொள்கிறது. அதற்கு நேர் எதிரான ஒலியலையை ஹெட்போன் நம் காதுக்குள் விடுகிறது. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழ, சத்தம் அடங்குகிறது. இந்த நுட்பத்தின் சுருக்கப் பெயர் ஏ.என்.சி. ஒரு காலத்தில் விலை உயர்ந்த ஹெட்போன்களில் மட்டுமே இருந்தது. இப்போது 3,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? முதலில் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பார்ப்போம்.

‘நாய்ஸ்’ கப்பலேறி வந்த சொல். கிரேக்கத்தில் ‘நவுஸ்’ என்றால் கப்பல். கப்பலில் வரும் குமட்டலுக்கு அதிலிருந்து ஒரு சொல் பிறந்து, லத்தீனில் ‘நாசியா’ ஆயிற்று. அதுவே பழைய பிரெஞ்சில் ஆரவாரம், சண்டை என்று பொருள் திரிந்து ஆங்கிலத்துக்குள் ‘நாய்ஸ்’ ஆக நுழைந்தது என்று சொற்பிறப்பு அகராதிகள் பலவும் சொல்கின்றன.

‘கேன்சல்’ இன்னும் சுவையானது. லத்தீனில் ‘கான்செல்லி’ என்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த தடுப்பு. ஏட்டில் எழுதியதை வேண்டாமென்று அந்தத் தடுப்பைப் போலக் குறுக்குக் கோடுகள் போட்டு அடித்ததால், அடித்துவிடுவதற்கே அது பெயராயிற்று. தடுப்பருகே நின்ற நீதிமன்ற ஊழியரின் பெயர்தான் வளர்ந்து, இன்று பல்கலைக்கழக வேந்தரைக் குறிக்கும் ‘சான்சலர்’ ஆகியிருக்கிறது. தமிழிலும் ‘அழி’ என்றால் கம்பித் தடுப்பு. ‘அழி’ என்றால் இல்லாமல் செய்வதும்தான். தற்செயலான ஒற்றுமை என்றாலும் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஒலியை அதன் எதிரலையால் அடக்கும் யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். விமானத்தோடு அதைச் சேர்த்த கதையில், ‘போஸ்’ ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் வருகிறார். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டை எஞ்சின் சத்தம் விழுங்கிவிட, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கும் 2000-இல் பயணிகளுக்கும் இந்த ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இறக்கைக்குப் பின்னால் சீட் கிடைத்த ஒரு பயணத்தில் முதன்முறையாக விலை குறைந்த ஏ.என்.சி. ஹெட்போன் போட்டுக்கொண்டேன். பொத்தானை அழுத்தியதும் ‘ஹோ’வென்ற எஞ்சின் முழக்கம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. அடுத்த நொடி, மூன்று வரிசை தள்ளி ஒரு குழந்தையின் அழுகை முன்பைவிடத் துலக்கமாகக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் பெல்ட்டை மாட்டிய ‘டக்’ ஒலியும் கேட்டது. மட்டமான பொருளை வாங்கிவிட்டோமோ என்று நினைத்தேன். குறை பொருளில் இல்லை. ‘கேன்சல்’ என்ற சொல்லை நான் அப்படியே நம்பியதுதான் தவறு.

உயரத்தில் சீராகப் பறக்கும் விமானத்துக்குள் சத்தம் ஏறத்தாழ 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி, எஞ்சினும் காற்றும் விடாமல் எழுப்பும் தாழ்ந்த முழக்கம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின், அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்டு, ஒரே சீராக வரும் அலைக்கு எதிரலை செய்வது எளிது. 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அலை குறுகிவிடுகிறது. எதிரலை துளி பிசகினாலும் பொருந்தாது. பேச்சும் அழுகையும் நொடிக்கு நொடி மாறுபவை வேறு. அவற்றைத் தடுப்பது பெரும்பாலும் காதை மூடும் மெத்தைதான்.

ஆங்கிலம் இந்த இரண்டையும் ‘நாய்ஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறது. தமிழில் ஏற்கெனவே பிரிந்தே இருக்கின்றன. கடல் இரைகிறது, மழை இரைச்சலாகப் பெய்கிறது, ஓடி வந்தால் மூச்சு இரைக்கிறது. காதுக்குள் ஓயாமல் ‘ஙொய்’ என்று கேட்டால் அது காது இரைச்சல். விடாமல் வருவது இரைச்சல். சந்தையிலும் பள்ளி விடும் நேரத்திலும் எழுவது கூச்சல். ஏ.என்.சி. அடக்குவது இரைச்சலை, கூச்சலுக்கு அதனிடம் அவ்வளவாக வழி கிடையாது. ஆகவே இங்கே ‘நாய்ஸ்’ என்பதற்கு ‘இரைச்சல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

‘கேன்சலிங்’ என்பதற்கு ‘ரத்து’ என்று போடத் தோன்றும். அது அரபியிலிருந்து உருது வழியே வந்து நம்மிடம் நன்றாகப் பழகிய சொல். ஆனால் விமானம் என்றதுமே அது வேறு செய்தியைச் சொல்லிவிடும். ‘நீக்கி’ என்றால் சத்தம் அறவே போய்விடும் என்ற பொருள் வருகிறது. நான் எடுத்துக்கொள்வது ‘தணிப்பு’. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி என்று தலவரலாறு சொல்கிறது. தணிதல் என்றால் மூர்க்கம் குறைதல். ஹெட்போன் செய்வது அதைத்தான்.

ஹெட்போனுக்குச் ‘செவிப்பொறி’ என்றால் ஐம்பொறிகளில் ஒன்றான காதே நினைவுக்கு வரும். ‘காதணி’ என்றால் கம்மல். ஆகவே ‘கேட்பொறி’. முழுப் பெயர்: இரைச்சல் தணிப்புக் கேட்பொறி. பேச்சில் ‘இரைச்சல் தணிக்கும் ஹெட்போன்’ என்றாலே போதும்.

குறைந்த விலைப் பெட்டிகளில் இன்னொரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: இ.என்.சி. இது ஏ.என்.சி.யின் தம்பி என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. இ.என்.சி., நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் வடிகட்டுவது. மறுமுனையில் கேட்பவருக்குத்தான் நிம்மதி. விமானத்தில் உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கடையில் சோதிப்பவர்கள் நண்பரைப் பேசச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதற்குப் பதில் ஓடுகிற ஏ.சி.க்கோ பெரிய மின்விசிறிக்கோ அருகில் நின்று பொத்தானை அழுத்துங்கள். அந்த இரைச்சல் தணிகிறதா என்று பாருங்கள்.