தொக்பொக்கி: ‘அரிசி கேக்’ அல்ல, கொழுக்கட்டைப் பிரட்டல்

கொரியத் தொடர்களின் தமிழ்த் துணைவரிகளில் தொக்பொக்கியைக் ‘காரமான அரிசி கேக்’ என்று படித்துப் படித்து அலுத்துவிட்டது. திரையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் தெருவோரக் கடையில் நின்று, செக்கச்செவேலென்ற குழம்பில் கிடக்கும் வெள்ளைத் துண்டுகளைக் குச்சியால் குத்தித் தின்கிறார்கள். கீழே ‘கேக்’ என்று ஓடுகிறது. அடுப்பில் கொதிக்கும் பண்டத்துக்கு இப்படியொரு பெயரா?

தொக்பொக்கி என்ற கொரியச் சொல்லைப் பிரித்துவிடுவோம். ‘தொக்’ என்பது அரிசியை வேகவைத்தும் இடித்தும் செய்யும் பண்டம். ‘பொக்’ என்பது வாணலியில் போட்டுக் கிளறி வதக்குவதைக் குறிக்கும் வினையடி. ஈற்றில் வரும் ‘இ’ அதைப் பெயராக்கும் விகுதி. முதலெழுத்து நம் தகரத்துக்கு நெருங்கியது. ‘டொக்போக்கி’ என எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவது. நம் ‘தொக்கு’ நினைவுக்கு வரலாம். ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

இனி கேக்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் அழுத்தித் திரட்டிய எந்தக் கட்டிக்கும் வரும். சோப்புக் கட்டிக்கும் அதே சொல்தான். தமிழுக்கு வந்த ‘கேக்’ அத்தனை பொருளையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. நமக்குக் கேக் என்றால் மைதா, முட்டை, சர்க்கரை, பேக்கரி அடுப்பு, பிறந்தநாள் மெழுகுவத்தி. அரிசியை முன்னால் ஒட்டிவிட்டால் இந்தப் படம் மாறிவிடாது.

இதன் விளைவைத் தென்கொரியத் தலைநகர் சோலில் நேரில் பார்த்தேன். அந்நகரின் சிந்தாங்தோங் பகுதியில் தொக்பொக்கிக் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுது சேர்த்த சிவப்புத் தொக்பொக்கியை 1953இல் மா போக்ரிம் என்ற பெண்மணி அங்கேதான் தொடங்கினார் என்பார்கள். அதற்கு முந்தைய அரண்மனை வகை சோயா சாஸில் வதக்கியது, காரமில்லாதது. மேசை நடுவே அடுப்பு, அகலச் சட்டி, அதில் தொக், முட்டைக்கோஸ், ராமியோன் நூடுல்ஸ், அவித்த முட்டை. எங்களோடு வந்த சைவத் தோழி, “கேக்னா முட்டை போட்டுப் பிசைஞ்சிருப்பாங்களே, எனக்கு வேண்டாம்” என்று தொக்கை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளப் போனாள். தொக்பொக்கிக்கான அரிசித் தொக்கில் பொதுவாக அரிசி, உப்பு, தண்ணீர்தான்; முட்டை கிடையாது. குழம்போ நெத்திலி போட்டுக் கொதிக்கவைத்த சாறு. ‘அரிசி கேக்’ என்ற இரண்டு சொல் அவளைச் சைவத்திலிருந்து விலக்கி நெத்திலியின் பக்கம் தள்ளியது. பிழையான பெயர்ப்பு என்றால் இதுதான்.

தூய தமிழில் எழுத விரும்புகிறவர்கள் சிலர் கேக்கை ‘அணிச்சல்’ என்பார்கள். அந்த வழியில் போனால் தொக் ‘அரிசி அணிச்சல்’ ஆகும். எனக்கும் தமிழ்ச் சொல்லில் ஆசை உண்டு. ஆனால் ஆங்கிலத்தின் தவறான படத்துக்குத் தமிழ்ச் சட்டை போடுவது தூய்மை ஆகாது. பண்டத்தைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும், அதன் ஆங்கிலப் பெயரைப் பார்த்து அல்ல.

பண்டத்தைப் பார்த்தால் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: கொழுக்கட்டை. சூசொக் அறுவடைத் திருநாளில் கொரியர்கள் செய்யும் சோங்பியொன்னைப் பாருங்கள். அரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளே எள்ளும் தேனும் வைத்து, பிறை வடிவில் மூடி, ஊசியிலை பரப்பி ஆவியில் வேகவைக்கிறார்கள். இதையும் ‘அரை நிலா அரிசி கேக்’ என்று எழுதுகிறவர் பிள்ளையார் சதுர்த்தி அன்று வீட்டில் எதைத் தின்றார்? பூரணம் வைத்தது, வைக்காதது, பிடித்தது, உருட்டியது, பாலில் போட்டது என எல்லாவற்றையும் கொழுக்கட்டை என்ற ஒரே சொல் தாங்குகிறது. தொக்கும் அப்படி ஒரு குடும்பப் பெயர்தான்.

ஒரு மறுப்பை நான் மதிக்கிறேன். தொக்பொக்கியில் போடும் காரேதொக் என்னும் நீளத் தொக் கொழுக்கட்டைபோல் விண்டு வராது, பல்லில் இழுபடும். அவர்கள் அரிசி குட்டையானது, ஒட்டும் தன்மை மிகுந்தது. அதை மாவாக்கி, வேகவைத்து, மீண்டும் நன்றாக இடித்தோ இயந்திரத்தில் அழுத்தியோ நீளக் கயிறாக இழுக்கிறார்கள். அந்த இழுவை நம் கொழுக்கட்டையில் இல்லை. அதற்காக ‘இடித்த கொழுக்கட்டை’ என்று ஒரு அடை சேர்க்கலாம். கேக்கிடம் போக வேண்டியதில்லை. தாளித்துப் புரட்டிய அம்மிணிக் கொழுக்கட்டையைத் தின்றவருக்குத் தொக்பொக்கி எந்த இனம் என்று முதல் வாயிலேயே தெரியும்.

‘பொக்கி’க்கு வறுவல் என்றால் மொறுமொறுப்பு நினைவுக்கு வரும். பிரட்டல் என்றால் துண்டில் மசாலா கெட்டியாக ஒட்டி நிற்கும். இங்கே நடப்பது அதுதான்.

மொழிபெயர்ப்பாளர்கள் கொரியப் பண்டத்தின் படத்தையாவது ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம். மீன் சதையை மாவோடு அரைத்துச் செய்யும் ‘ஒமுக்’கையும் ‘மீன் கேக்’ என்றே எழுதித் தள்ளுகிறார்கள். கிம்ச்சியைக் கிம்ச்சி என்றே விட்டதுபோல, வசனத்தில் தொக்பொக்கி என்றே விடுங்கள்; பெயர் பெயராக இருக்கட்டும். உணவுப் பட்டியலிலோ பொட்டலத்திலோ விளக்கம் தேவைப்பட்டால் ‘காரக் கொழுக்கட்டைப் பிரட்டல்’ என்று போட்டு, நெத்திலிச் சாறு சேர்ந்திருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.