அவரவர் பலம், அவரவர் ஆபத்து: மான்ட்கமரி பெண்கள் வேலையைப் பங்கிட்ட விதம்

பெண்கள் குழுக்களுக்கு நிர்வாகப் பயிற்சி அளிக்கும் என் பணியில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு வழக்கம் உண்டு. யாரும் உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், எல்லா வேலையையும் எல்லோரும் முறை வைத்துச் செய்வது என்று குழு முடிவெடுக்கும். கணக்கில் கெட்டிக்காரரான உறுப்பினர் அதிகாரிகள் முன் பேச முடியாமல் தவிப்பார், பேச்சில் வல்லவர் வரவு செலவு நோட்டைக் கண்டு அஞ்சுவார், நாளடைவில் இருவருமே கூட்டத்திற்கு வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். அத்தகைய குழுக்களிடம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கமரி நகரத்துக் கறுப்பினப் பெண்கள் முன்னின்று உழைத்த பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி விரிவாகப் பேசுவேன்.

1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை நாம் அறிவோம். அவர் கைதாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1946இல் மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் தொடங்கிய பெண்கள் அரசியல் மன்றம் அந்நகரில் இயங்கி வந்தது. அவருக்குப் பின் தலைமையேற்ற ஜோ ஆன் ராபின்சன், பேருந்துப் பயணிகளில் முக்கால் பங்கினர் கறுப்பினத்தவரே என்பதைச் சுட்டிக்காட்டி, புறக்கணிப்பு வரக்கூடும் என்று 1954 மே மாதத்திலேயே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவில், தாம் பணியாற்றிய அலபாமா மாநிலக் கல்லூரிக்குச் சென்று, சக ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் துணை நிற்க, சைக்ளோஸ்டைல் என்ற படியெடுக்கும் இயந்திரத்தில், பேருந்தில் ஏற வேண்டாம் என்று கேட்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிவதற்குள் எடுத்து முடித்தார். மன்றத்துப் பெண்கள் அவற்றை மறுநாளே ஊரெங்கும் சேர்த்தார்கள்.

எழுத்தும் திட்டமிடலும் ராபின்சனின் பலம். ஆனால் அவர் வேலை பார்த்த கல்லூரி மாநில அரசின் பணத்தில் நடந்தது. எனவே வெளிப்படையான பதவி எதையும் ஏற்காமல், இயக்கத்தின் செய்தி மடலை எழுதும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார்.

ஜார்ஜியா கில்மோரின் பலம் சமையல். பொரித்த கோழி சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்ற பணம், பேருந்தைப் புறக்கணித்த மக்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற கார்களுக்குப் பெட்ரோல் ஆனது. அவரோடு சமைத்தவர்களும் பணம் தந்தவர்களும் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் தெரிந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். ஆகவே தங்கள் குழுவுக்கு 'எங்குமில்லாச் சங்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் கில்மோர் தொகையை மட்டும் அறிவிப்பார். வெளியில் தெரிந்த முகம் அவருடையதே. 1956இல் நீதிமன்றத்தில் பேருந்து ஓட்டுநர்களின் கொடுமையைச் சாட்சியாகச் சொன்னதற்காகத் தம் சமையல் வேலையை இழந்தார், பிறகு வீட்டிலிருந்தே சமைத்து விற்றார்.

பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் பெயர் கொடுத்து நின்றவர்கள் வேறு. ஆரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்டு, கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நால்வர். இவர்களில் கால்வின் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானபோது அவருக்கு வயது 15. தொடக்கத்தில் சேர்ந்திருந்த ஐந்தாமவர் மிரட்டலால் விலகினார். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது அந்த நால்வரின் வழக்கில்தான்.

ஒவ்வொருவரின் திறமையோடு, ஒவ்வொருவரும் எதை இழக்கத் தாங்குவார் என்பதையும் மான்ட்கமரி பெண்கள் எடை போட்டார்கள். குழுப் பயிற்சிகளில் முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைக் கேட்பதே இல்லை, இது எனக்குப் பெருங்கவலை. எந்த வீட்டுக்காரருக்கு எதிராகக் குழு மனு எழுதுகிறதோ, அதே வீட்டில் பாத்திரம் துலக்கும் உறுப்பினரும் நம் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கையெழுத்திடத் தயங்கினால் அவரைத் துணிவில்லாதவர் என்று மற்றவர்கள் ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலையைப் பிரிக்கும் முன், உங்களுக்கு எது நன்றாக வரும், உங்கள் பெயர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கையெழுத்திட முடியாதவரிடம் கணக்கையோ, சமையலையோ, கூட்டத்திற்கு வருவோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையோ ஒப்படையுங்கள். குழுவின் வேலை இவ்வளவு நடந்தது என்று அறிக்கையில் எழுதும்போது, அவர் செய்ததையும் பெயர் சொல்லாமல் சேர்த்தே எழுதுங்கள்.