கால் ஆணிக்கு வேர் கிடையாது, பிளேடைக் கீழே வையுங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா, சுகர் வந்து பல வருடம் ஆகிறது. பெருவிரலுக்குக் கீழே இருந்த காய்ப்பை மகன் ஷேவிங் பிளேடால் சீவிவிட்டு, அதன்மேல் கார்ன் கேப் என்ற மருந்துப் பிளாஸ்திரியை ஒட்டியிருக்கிறார். பிளாஸ்திரியைப் பிரித்தால் சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிக்கிடக்கிறது. நடுவில் ஒரு சின்னக் குழி, அழுத்தினால் சீழ். "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்கிறார் அந்த அம்மா. நரம்பு மரத்துப்போன காலில் எப்படி வலிக்கும்?

ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள் என்று மகனைக் கேட்டேன். "வேரோட எடுத்தாத்தான் திரும்ப வராதுன்னு சொன்னாங்க சார்."

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எங்கிருந்து வந்தாலும் இதே வேர்க் கதைதான். தயவுசெய்து கேளுங்கள்: ஆணிக்கு வேர் இல்லை. எலும்புக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரே இடம் நசுங்கிக்கொண்டே இருந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. பரவலாகத் தடித்தால் காய்ப்பு. ஒரு புள்ளியில் கூம்பாக உள்நோக்கி இறுகினால் ஆணி. கூம்பின் நுனி உள்ளே குத்துவதைத்தான் வேர் என்கிறார்கள். அதுவும் செத்த தோல்தான். தோண்டி எடுத்தாலும், அழுத்தம் அப்படியே இருந்தால் சில வாரத்தில் அதே இடத்தில் வந்து நிற்கும். உடனே "வேரைச் சரியாக எடுக்கவில்லை" என்று இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார்கள். ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. பாதத்தில் விழும் தழும்பே பிறகு ஆணியைவிட அதிகமாக வலிக்கலாம்.

கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 சதவீதம். கொஞ்சம் நகர்ந்து ஒட்டினாலும் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலையும் அரித்துவிடும். எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. மருதாணி அரைத்துக் கட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அழுத்தம் அதனால் குறையாது.

இன்னொன்று. ஆணி என்று காட்டுவதில் சில, மரு. நேராக அழுத்தினால் ஆணி வலிக்கும். இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் மரு வலிக்கும், உள்ளே கறுப்புப் புள்ளிகளும் தெரியலாம். அது வைரஸ், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். அதனால் கால் தேய்க்கும் கல் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

சுகர் இல்லாதவர்கள், காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பவர்கள், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். தோல் ஊறியதும் நுரைக்கல்லால் மெதுவாகத் தேயுங்கள். இளஞ்சிவப்பு தெரிவதற்கு முன்பே நிறுத்துங்கள். ஒரே நாளில் தீர்க்க நினைக்காதீர்கள். துடைத்துவிட்டு யூரியா கலந்த க்ரீம் தடவுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். தினமும் க்ரீம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கல், அவ்வளவு போதும்.

சுகர் இருந்தால் கல், பிளேடு, கார்ன் கேப், வெந்நீர் எதுவும் வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், அடியில் புண் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ப்பைச் சீவ வேண்டுமென்றால் அதை நாங்கள் செய்கிறோம்.

அப்புறம் செருப்பு. உங்கள் ஹவாய் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். எந்த இடம் தேய்ந்து மெலிந்திருக்கிறதோ, பெரும்பாலும் அதற்கு நேர் மேலேதான் காய்ப்பு இருக்கும். அந்தச் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். புதுச் செருப்பை, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் வாங்குங்கள். விரல்கள் நெரியாமல் முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். சுகர்காரர்களுக்கு எம்.சி.ஆர் (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு நல்லது, வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் கோயிலுக்கு மதிய வெயிலில் போகாமல், தரை சூடேறுவதற்கு முன் காலையிலேயே போய்வாருங்கள்.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் டைல்ஸ் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கும் பெண்கள் காய்ப்போடு வருகிறார்கள். க்ரீம் எழுதித் தருகிறேன், ஆனால் மறுநாளும் அதே தரைதான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. முதலாளிகளே, ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கள். கல்லாவுக்கு முன்னால் ஒரு ரப்பர் மேட் விரியுங்கள். கடைக்குள் செருப்பு போட்டுக்கொள்ளவும் விடுங்கள்.